கேரம் போட்டி எப்போதென்று தெரியும், கணக்குப் போட்டி எப்போதென்று தெரியுமா?

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம், ஸ்பைரல் பைண்டிங், கொஞ்சம் டிடிபி வேலை. ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட், காதுகுத்துப் பத்திரிகை என்று ஏரியாவின் காகிதமெல்லாம் என் கை வழியாகத்தான் போகும். பள்ளிக்கூடக் காகிதமும் அப்படித்தான். அதனாலோ என்னவோ, பெற்றோர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள்: "அக்கா, எங்க பையன் டீச்சர் போர்டுல எழுதி முடிக்கிறதுக்குள்ள விடையைச் சொல்லிடுறானாம். இவனுக்குன்னு போட்டி கீட்டி எதனா இருந்தா சொல்லேன்க்கா."

இந்தக் கேள்விக்கு ஒரு துண்டுச் சீட்டில் பதில் எழுதிக் கொடுக்க முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஆதங்கம். எங்கள் பக்கத்தில் கேரம் போர்டு இல்லாத தெரு குறைவு. எந்த மன்றத்தில் எப்போது டோர்னமென்ட், என்ட்ரி ஃபீஸ் எவ்வளவு, எந்த ஏரியாவிலிருந்து யார் ஆட வருகிறார்கள் என்பதெல்லாம் 6-ஆவது படிக்கிற பொடியனுக்குக்கூட அத்துப்படி. காயை நன்றாக அடிக்கிற பையனை யாராவது ஒரு அண்ணன் கவனித்துவிடுவார். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மன்றத்துக்குள் உட்கார வைத்துவிடுவார். மரிய இருதயம் 2 முறை உலக சாம்பியன் ஆகி அர்ஜுனா விருது வாங்கியதும், ஆட்டோ ஓட்டுநர் மகளான காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் ஜெயித்ததும் இந்த வடசென்னையிலிருந்து போய்த்தான். பாக்ஸிங்கும் அப்படியே, ஃபுட்பாலும் அப்படியே. ஆனால் கணக்கில் சூரப்பிள்ளைக்கு, நாலு வரி எழுதினால் படிக்கிறவரை நிமிர வைக்கிற பிள்ளைக்கு, அந்த அண்ணன் இல்லை. போட்டிகள் இல்லாமல் இல்லை. வருடம் முழுக்க நடக்கின்றன, பெரும்பாலானவற்றுக்குச் செலவும் கிடையாது. சேதி மட்டும் நம் தெருவுக்குள் வருவதில்லை.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், முக்கியமான சில தேர்வுகளுக்கு ஒரு வகுப்பு தாண்டிவிட்டால் வாய்ப்பே கிடையாது என்பது. என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் 8-ஆம் வகுப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் அது. 7-ஆம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், பட்டியலினப் பிள்ளைகளுக்கு 50. வீட்டின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறன் தேர்வு 90 கேள்வி, படிப்பறிவுத் தேர்வு 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். தேர்வானால் 9-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். நான்கு வருடத்தில் 48,000. மீன் ஏலத்தில் கூடை தூக்குகிற வீட்டில் இது என்ன மாதிரிப் பணம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 9-ஆம் வகுப்பு போனபிறகு வந்து கேட்கிற அம்மாக்களிடம் "போன வருஷமே எழுதியிருக்கணும்மா" என்று சொல்கிறபோது எனக்குத் தொண்டை அடைக்கும்.

தேர்வானவர்களில் சிலருக்கும் பணம் நின்றுபோகிறது. ஜெயித்த பிறகு தேசியக் கல்வி உதவித்தொகைத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும், அடுத்தடுத்த வருடம் புதுப்பிக்க வேண்டும், பிள்ளையின் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிப் பதிவேட்டில் வேறொரு இனிஷியல் என்றால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ரேங்க் வாங்கிய சந்தோஷத்தில் இந்த வேலையை யாரும் கவனிப்பதில்லை. நான் என் கடைக்கு வருகிற 7-ஆம் வகுப்புப் பிள்ளைகளின் பெயரையே ஆதாரோடு ஒத்துப் பார்த்துவிடுகிறேன்.

மேல் வகுப்புகளில் இன்னும் இரண்டு உண்டு. முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. 9, 10-ஆம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியலிலிருந்துதான் கேள்வி. 1,000 பேருக்கு வருடம் 10,000 ரூபாய், பட்டப்படிப்பு முடிக்கிற வரை வரும். இன்னொன்று 11-ஆம் வகுப்பில் எழுதுகிற தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. 10-ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்து கேட்பார்கள். 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் 2 வருடம். இதைத் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் எழுதலாம், ஆனால் பாதி இடம் அரசுப் பள்ளிக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். தமிழில் நன்றாக எழுதுகிற பிள்ளைக்கு இப்படி ஒரு தேர்வு இருப்பதே எத்தனை வீட்டுக்குத் தெரியும்?

என்.டி.எஸ்.இ. என்ற தேசியத் திறன் தேடல் தேர்வுக்குப் படிக்க வைக்கலாமா என்று இன்னமும் கேட்கிறார்கள். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் கைடு கிடைக்கிறது, வாங்கி வந்துவிடுகிறார்கள். அந்தத் திட்டம் 2021-லிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. 'டிரஸ்ட்' என்கிற உதவித்தொகைத் தேர்வும் நமக்கில்லை, அது ஊரகப் பகுதிப் பள்ளிகளுக்கு மட்டும்.

சரி, இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். நான் டிடிபி வேலையும் பார்ப்பதால் சான்றிதழ் அச்சடிக்கிற ஆர்டர்களும் வரும். ஒரு பயிற்சி மையத்தின் போட்டிக்காகக் கட்டுக்கட்டாக அடித்துக் கொடுத்திருக்கிறேன். 'முதல் பரிசு' என்று போட்ட கட்டுதான் அதில் ரொம்பக் கனமானது. மையத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சான்றிதழைக் கடைக்கு எடுத்து வந்து லேமினேஷன் போடச் சொன்ன அப்பா ஒருவரின் முகம் எனக்கு மறக்கவில்லை. அவ்வளவு பெருமை. நுழைவுக் கட்டணம் கட்டி, பதக்கத்துக்குத் தனியாகக் கட்டி, அடுத்த சுற்று வெளியூரில் என்று அதற்கும் கட்டியிருந்தார். அதன் பிறகு ஒரு போட்டியைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது, அதன் பழைய கேள்வித்தாள்களைப் பொதுவில் வைத்திருக்கிறார்களா என்பதைத்தான். நல்ல போட்டி நடத்துகிறவர்கள் தங்கள் கேள்விகளை ஒளித்து வைக்க மாட்டார்கள். அந்தக் கேள்விகளைப் போட்டுப் பார்க்கிறதுதான் பிள்ளைக்குக் கிடைக்கிற அசல் பரிசு. ரேங்க் வராவிட்டாலும் அது கையில் நிற்கும்.

அப்படிப்பட்டவர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். 1965-இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர்கள் சங்கத்தின் அலுவலகம் திருவல்லிக்கேணியில்தான் இருக்கிறது. அவர்கள் நடத்துகிற தேசியக் கணிதத் திறன் போட்டியில் வயதுக்கேற்ற படிகள் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குக் காஸ், 7, 8-ஆம் வகுப்புக்குக் கப்ரேகர், 9, 10-க்குப் பாஸ்கரா, 11, 12-க்கு ராமானுஜன் என்று கணித மேதைகளின் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கப்ரேகர் யார் என்று என் மகள் கேட்டபோது தேடிப் படித்தோம். நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் கண்டுபிடித்த 6174 என்ற எண்ணை அன்று மாலை கடையில் வீணான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஏதாவது நான்கு இலக்க எண் எடுத்துக்கொள்ளுங்கள், 3524 என்று வைத்துக்கொள்வோம். இலக்கங்களைப் பெரியதிலிருந்து சின்னதாக அடுக்கினால் 5432, திருப்பி அடுக்கினால் 2345. கழித்தால் 3087. அதையும் அப்படியே செய்தால் 8730-இல் 0378 போக 8352. இன்னொரு முறை, 8532-இல் 2358 போக 6174. அதற்கு மேல் என்ன செய்தாலும் 6174-தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் 7 படிக்குள் அங்கே வந்து நிற்கும். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க அம்மாவோடு வந்த ஒரு பையன் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் அவனும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அவங்க அம்மா காசு கொடுத்து, சில்லறை வாங்கி, "வாடா போலாம்" என்று கூப்பிட, "இரும்மா, இன்னும் வரலை" என்று கையைக்கூட எடுக்கவில்லை. அவனைத்தான் நாம் தேடுகிறோம். அவனுடைய மார்க் ஷீட்டில் அது தெரியாது. கணக்கில் 70-ஐத் தாண்டாத பையன் அவன்.

ஒலிம்பியாட் என்ற பெயரில் தனியார் நடத்துகிற தேர்வுகள் நிறைய இருக்கின்றன, குழம்பிவிடாதீர்கள். உலக அளவிலான கணித ஒலிம்பியாடுக்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கிற வரிசையில் முதல் படி ஐ.ஓ.க்யூ.எம். 8-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை எழுதலாம். 3 மணி நேரம், 30 கேள்வி, 100 மதிப்பெண். ஒவ்வொரு விடையும் 00-இலிருந்து 99-க்குள் ஒரு முழு எண், அதை ஓ.எம்.ஆர். தாளில் நிரப்ப வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றை ஊகித்து அடிக்கிற வேலையே இல்லை. அதில் தேறினால் மண்டல அளவில் ஆர்.எம்.ஓ., பிறகு தேசிய அளவில் ஐ.என்.எம்.ஓ. என்று போகும். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் தளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 10-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அறிவியலில் என்.எஸ்.இ.ஜே.எஸ். என்று இதேபோல ஒரு முதல் படி உண்டு, நவம்பரில் நடக்கும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஐ.ஓ.க்யூ.எம். தாள் கஷ்டம். வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளையும் பாதிக் கேள்வியைத் தொட முடியாமல் திரும்பும். அதைப் பார்த்து "உனக்கு வராது" என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு கேள்வியை ஒரு வாரம் மண்டையில் போட்டு உருட்டுகிற பழக்கம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இதைப் பேசும்போது ராயபுரத்தைச் சொல்லாமல் விட முடியாது. முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த பி.கே.சீனிவாசன் 1993-இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தையும் கணிதக் கல்வி மையத்தையும் தொடங்கினார். ராமானுஜன் வாழ்க்கையின் கடிதங்களையும் படங்களையும் வருடக்கணக்காக அலைந்து சேர்த்தவர் அவர். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே போயிருக்கிறார்கள்? திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஒருமுறை கூட்டிப்போங்கள். ராமானுஜனே நம் பக்கத்து ஆள்தானே. 1912-இல் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கல்லூரித் தேர்வில் தேறாதவர். அலுவலகத்தில் மேலே இருந்த நாராயண ஐயரும் துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருடைய நோட்டை மதித்தார்கள். 1913 ஜனவரி 16 தேதியிட்டு அவர் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜுக்குப் போனது இந்த ஊரிலிருந்துதான். அவருக்கே கவனிக்க இரண்டு ஆளும், எழுதிப்போட ஒரு விலாசமும் வேண்டியிருந்தது.

அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு நான் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டைத்தான் முதலில் சொல்வேன். 1993-இலிருந்து நடக்கிறது, 10 முதல் 17 வயது வரை, தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் எடுத்து நடத்திவருகிறது. தெர்மாகோலில் எரிமலை செய்கிற வேலை இல்லை இது. பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊரின் ஏதாவது ஒரு பிரச்சினையை அளந்து, எழுதி, தமிழிலேயே எடுத்துச் சொல்லலாம். அளக்கிறதற்கா நம் பக்கத்தில் விஷயமில்லை? எண்ணூர் சாம்பல் இருக்கிறது, பக்கிங்காம் கால்வாய் இருக்கிறது, கொசஸ்தலையாறு இருக்கிறது. என் மகளும் அவள் தோழியும் வேறொன்று எடுத்தார்கள். கடலிலிருந்து தள்ளிப்போகப் போகப் போர்வெல் தண்ணீரின் உப்பு எப்படி மாறுகிறது என்று பார்க்க நினைத்தார்கள். ஆர்.ஓ. மெஷின் ரிப்பேர் பார்க்கிற தம்பியிடம் தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பைக் காட்டுகிற டி.டி.எஸ். மீட்டரை இரவல் வாங்கினார்கள், பேனா மாதிரி இருக்குமே அது. கடற்கரைச் சாலையிலிருந்து ரயில்வே லைன் வரை வீட்டுக்கு வீடு போய், ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, மீட்டரை முக்கி, கிராஃப் தாளில் புள்ளி வைத்தார்கள். கோடு நேராக இறங்கவில்லை. நடுவில் ஒரு தெருவில் மட்டும் எகிறி நின்றது. இரண்டு பேரும் சாப்பாட்டை மறந்து அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டிருந்தார்கள். போர்வெல் எவ்வளவு ஆழம் என்று கேட்காமலே அளந்துவிட்டோம் என்று அவர்களுக்கே உறைத்தது, மறுபடி முதலிலிருந்து கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். மாவட்ட அளவைத் தாண்டவில்லை. அதனால் என்ன? அந்த நோட்டை அவள் இன்னும் யாருக்கும் கொடுப்பதில்லை.

பிள்ளைகளின் புது யோசனைகளுக்கு மத்திய அரசு தருகிற இன்ஸ்பயர் மானக் விருது வேறு மாதிரி. பள்ளிக்கூடம் 5 பிள்ளைகளின் யோசனைகள் வரை அனுப்பலாம். தேர்வானால் மாதிரியைச் செய்து பார்க்கப் பிள்ளையின் கணக்குக்கே 10,000 ரூபாய் வரும். நம் பிள்ளைக்கு ஒரு யோசனை இருக்கிறது என்றால் தலைமையாசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அனுப்பாமல் விட்ட பள்ளிகள் உண்டு, யாரும் கேட்காததுதான் காரணம்.

எழுத்து, பேச்சு, ஓவியம் பக்கம் வருவோம். பாட்டு, ஆட்டம், பறை, நடிப்பு எல்லாவற்றுக்கும் அரசுப் பள்ளிகளில் 2022-23-இலிருந்து கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மேலே போகும், மாநிலத்தில் கலையரசன், கலையரசி பட்டம் தருகிறார்கள். இது மட்டும்தான் சேதி ஒழுங்காகப் பிள்ளைகளைச் சென்று சேர்கிற போட்டி, பாராட்ட வேண்டும். தலைவர்களின் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்ட அளவில் பேச்சுப் போட்டி வைக்கிறது. 5,000, 3,000, 2,000 என்று பரிசு, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 2 பேருக்குத் தனியாகச் சிறப்புப் பரிசும் உண்டு. நாளிதழில் ஒரு மூலையில் நான்கு வரியில் அறிவிப்பு வரும், அதைக் கத்தரித்து வைப்பதே என் வேலை. 1330 குறளையும் ஒப்பிக்கிற பிள்ளைக்கு அதே துறை 15,000 ரூபாய் தருகிறது. இதில் யாரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை. மேடைப் போட்டி என்றாலே வயிற்றைக் கலக்குகிற பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்வது.

அஞ்சல் துறையின் 'டாய் ஆக்கர்' (Dhai Akhar) கடிதப் போட்டி எனக்கு ரொம்பப் பிடித்தது. கையால் எழுத வேண்டும், தமிழில் எழுதலாம். இன்லேண்ட் தாளில் 500 சொல்லுக்குள், கவரில் வைப்பதானால் 1,000 சொல்லுக்குள். 18 வயதுக்குக் கீழே தனிப்பிரிவு. மாநில அளவில் முதல் பரிசு 25,000, தேசிய அளவில் 50,000. செலவு ஒரு இன்லேண்ட் லெட்டர்தான். 18 வயது நிரம்பவில்லை என்ற உறுதிமொழி வரியை எழுத மறந்துவிடக் கூடாது. காசிமேட்டிலிருந்து ஒரு பெண் வருவாள், அப்பா விசைப்படகில் போகிறவர். அவள் எழுதின கடிதத்தை அனுப்புவதற்கு முன் ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுவந்தாள். அப்பா கடலில் இருக்கிற ராத்திரிகளில் அம்மா ரேடியோவை அணைக்க மாட்டாள், வானிலை சொல்லி முடித்தபிறகும் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும் என்று எழுதியிருந்தாள். அவளிடம் நான் காசு வாங்கவில்லை. பரிசு வந்ததா என்று கேட்காதீர்கள், வரவில்லை. அடுத்த வருடத் தலைப்பு வந்துவிட்டதா என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஒரு பிள்ளையை எல்லாவற்றிலும் இறக்கிவிடுகிற பெற்றோரும் இருக்கிறார்கள். அது வேண்டாம் என்பது என் கருத்து. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ, பிள்ளையே ஆசைப்பட்டு எடுக்கட்டும். நடுவில் இருக்கிற மாதங்களில் சும்மா இருக்கவும் அதற்கு நேரம் வேண்டும்.

கேரம் மன்றத்தில் இருக்கிற அந்த அண்ணன் மாதிரி ஓர் ஆள் தெருவுக்கு ஒருவர் இருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. வாத்தியாராக இருக்க வேண்டியதில்லை, டிகிரி வேண்டியதில்லை. தேதியை ஞாபகம் வைத்து, கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என் கடையின் பக்கத்துச் சுவரில் ஓர் அட்டை மாட்டியிருக்கிறேன். எந்த வகுப்புக்கு எது, கடைசித் தேதி என்ன, பள்ளிக்கூடம் வழியாகவா நேரடியாகவா என்று எழுதி, மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து பழைய வினாத்தாள் போடுவார்கள். இன்ஜினியரிங் படிக்கிற பக்கத்து வீட்டுத் தம்பி வந்து உதவி செய்கிறான். தாள் என்னுடையது, ஒரு பக்கம் வீணானதுதான்.

கொருக்குப்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் கடை வைத்திருக்கிறவர்கள், டியூஷன் எடுக்கிறவர்கள் கேட்டால் அந்த அட்டையின் ஃபைலைத் தருகிறேன், உங்கள் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். 7-ஆவது முடித்து 8-ஆவது போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வாரமே இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுங்கள், 60 ரூபாய்தான். ஆதாரில் இருக்கிற பெயரும் பள்ளியில் இருக்கிற பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். என்.எம்.எம்.எஸ். விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகத்தான் போகும், அதனால் அறிவிப்பு வருகிற வரை காத்திருக்காமல் பள்ளியில் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.